மக்கள் பெயரால் ஆண்டவர்கள்

‘பாப்புலிசம்’ என்ற வார்த்தை இன்று கிட்டத்தட்ட ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. அரசாங்கம் ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தால் பாப்புலிசம். ஒரு தலைவர் மேடையில் கொஞ்சம் உரக்கப் பேசினால் பாப்புலிசம். நமக்குப் பிடிக்காத கட்சி ஜெயித்துவிட்டால் அதுவும் பாப்புலிசம்! தமிழில் இதைக் ‘கவர்ச்சித் திட்டம்’ என்றும் ‘ஜனரஞ்சக அரசியல்’ என்றும் எழுதுகிறோம். இரண்டுமே பாதி அர்த்தத்தைத்தான் சொல்கின்றன.

சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், “எதை வேண்டுமானாலும் எழுதுங்க, கட்சி அரசியல் மட்டும் வேண்டாம்” என்றார்கள். நியாயமான நிபந்தனைதான். வரலாறு படித்தவன் என்ற முறையில், இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நாலு தேசத்துக் கதைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. நம்ம ஊரும் கடைசியில் கொஞ்சம் வரும். அது எந்தக் கட்சிக்காகவும் இல்லை, ஒரு தட்டுச் சோற்றுக்காக.

முதலில் விளக்கம். அரசியல் அறிஞர்கள் இந்தச் சொல்லுக்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது இதுதான்: ஒரு தேசத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது. ஒரு பக்கம் உழைக்கிற, ஏமாற்றப்பட்ட மக்கள். இன்னொரு பக்கம் அவர்களை ஏமாற்றிய மேல்தட்டு. இந்த மக்களின் குரலாக ஒரு இயக்கமோ தலைவரோ எழுந்து நிற்பது. எதிர்க்கட்சியாக இருக்கும்வரை இப்படிப் பேசுவது சுலபம். ஆட்சியில் உட்கார்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி.

சொல் பிறந்த இடம்

இந்தச் சொல் சர்வாதிகாரி யாரோ ஒருவரால் பிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இதைப் பெற்றெடுத்தவர்கள் அமெரிக்க விவசாயிகள். 1880-களின் கடைசியிலும் 1890-களின் தொடக்கத்திலும் கோதுமை விலையும் பருத்தி விலையும் விழுந்துகொண்டே போயின. கடனோ ஏறிக்கொண்டே போனது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக ரயில் கம்பெனி கேட்ட கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும். நம்ம ஊர் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

1892 ஜூலை 4 அன்று நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் ‘மக்கள் கட்சி’ தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. கட்சிக்காரர்களைப் ‘பாப்புலிஸ்டுகள்’ என்று அழைத்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? அதிகம் சம்பாதிப்பவனுக்கு அதிக வருமான வரி. ரயில்வேயும் தந்தியும் அரசுடைமை. வெள்ளி நாணயத்தைத் தாராளமாக அச்சடிப்பது. ரகசிய வாக்கெடுப்பு. செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டசபைகளுக்குப் பதிலாக மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. அந்த வருட ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். தேர்வாளர் ஓட்டில் 22 கிடைத்தது.

கான்சாஸ் மாநிலத்தில் அவர்கள் ஆட்சிக்கே வந்தார்கள். கவர்னராக லொரென்ஸோ லெவெலிங் பதவியேற்றார். 1893-இல் அங்கே சட்டசபையில் யாருக்குப் பெரும்பான்மை என்பதில் ஒரே அமளி. பாப்புலிஸ்டுகளும் குடியரசுக் கட்சியினரும் ஆளுக்கொரு சபாநாயகரை வைத்துக்கொண்டு சபை நடத்தினார்கள். சபைக் கதவைச் சம்மட்டியால் உடைக்கிற வரைக்கும் போயிற்று. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பாப்புலிஸ்டுகள் அதற்குப் பணிந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் பணிவது என்பது பின்னால் வரப்போகும் கதைகளில் அபூர்வம்.

1896-இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைச் சேர்ந்து ஆதரித்துத் தோற்றபின் கட்சி கரைந்துபோனது. ஆனால் கேட்டது கரையவில்லை. வருமான வரிக்கும், செனட்டுக்கு நேரடித் தேர்தலுக்கும் வழிசெய்த இரண்டு அரசியல் சட்டத் திருத்தங்களும் 1913-இல் அமலுக்கு வந்தன. கட்சி செத்து, கோரிக்கை சட்டமாகிப் பிழைத்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்து டாம் வாட்சன் என்ற பாப்புலிஸ்ட் தலைவர், ஆரம்பத்தில் கறுப்பின விவசாயியும் வெள்ளை விவசாயியும் ஒரே கடன்காரனிடம் மாட்டிக்கொண்டவர்கள், ஒன்றுசேர வேண்டும் என்று பேசியவர். தோல்விக்குப் பிறகு அதே மனிதர் கறுப்பர்களுக்கும் யூதர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் எதிராக விஷம் கக்கினார். ‘மக்கள்’ என்ற வட்டம் எப்படிச் சுருங்கும் என்பதற்கு இவரை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

சட்டை இல்லாதவர்களின் கர்னல்

அடுத்து அர்ஜென்டினா. 1943 ஜூனில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த அதிகாரிகளில் ஒருவர் கர்னல் ஹுவான் டொமிங்கோ பெரோன். பதவிகளைப் பங்கு போட்டபோது, யாரும் சீந்தாத தொழிலாளர் துறையை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். இரண்டே வருடத்தில் தொழிற்சங்கங்கள் எல்லாம் இவர் பக்கம். பண்ணைக் கூலிகளுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1944-இல் வந்தது. வருடக் கடைசியில் 13-ஆவது மாதச் சம்பளம் தருவது 1945 டிசம்பரில் ஆணையாக வந்தது. நம்ம ஊர் தீபாவளி போனஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1945 அக்டோபரில் சக அதிகாரிகளே இவரைப் பதவியிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். அக்டோபர் 17-ஆம் தேதி தொழிற்சாலைப் பகுதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தொழிலாளர்கள் தலைநகர் புவெனஸ் அயர்ஸின் மையச் சதுக்கத்துக்கு வந்து குவிந்தார்கள். பெரோனை விடச் சொன்னார்கள், விட்டார்கள். நாகரிக நகரத்துப் பெரிய மனிதர்கள் இந்தக் கூட்டத்தைச் ‘சட்டை இல்லாதவர்கள்’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். பெரோன் அந்தப் பெயரையே பட்டமாக்கிக்கொண்டார். 1946 பிப்ரவரித் தேர்தலில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜனாதிபதியானார்.

செய்ததைச் சும்மா சொல்லக்கூடாது. சில லட்சம் பேர் இருந்த தொழிற்சங்கங்களில் இருபது லட்சத்துக்கும் மேல் உறுப்பினர் சேர்ந்தார்கள். 1947-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. 1951-இல் முதல்முறையாக ஜனாதிபதித் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் கையில் இருந்த ரயில்வே 1948-இல் தேசத்தின் சொத்தானது. சம்பளம் ஏறியது, சம்பளத்தோடு லீவு கிடைத்தது.

அவருடைய மனைவி எவா 1948-இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஆஸ்பத்திரி, அனாதை இல்லம், முதியோர் இல்லம், தையல் மிஷின், பிள்ளைகளுக்கு பொம்மை. ஏழைகள் வரிசையில் நின்று எவாவிடம் நேரிலேயே கேட்டு வாங்கினார்கள். அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து கொடுத்தார். அவர் மனசு உண்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் அறக்கட்டளைக்குப் பணம் தர மறுத்த முதலாளிகளுக்குத் தொந்தரவு வந்தது. 1952 ஜூலை 26 அன்று 33 வயதில் எவா புற்றுநோயால் இறந்தபோது தேசமே அழுதது.

இனி மறுபக்கம். ஒத்துவராத உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 1947-இல் நீக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் வேலை இழந்தார்கள். எழுத்தாளர் போர்ஹேஸை நூலக வேலையிலிருந்து தூக்கி, சந்தையில் கோழி, முயல் பரிசோதகராகப் போட்டார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் ராஜினாமா செய்துவிட்டார். 1949-இல் அரசியல் சட்டத்தை மாற்றி மறுபடியும் ஜனாதிபதியாக வழிசெய்துகொண்டார் பெரோன். ‘லா பிரென்சா’ என்ற பெரிய நாளிதழை 1951-இல் பறிமுதல் செய்து தொழிற்சங்க சம்மேளனத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர் காலத்தில் இறைச்சியும் கோதுமையும் விற்றுச் சேர்ந்த கையிருப்பு. அதோடு, விவசாயியிடம் தானியத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி வெளிநாட்டில் கூடுதல் விலைக்கு விற்கிற அரசு நிறுவனம். கையிருப்பு கரைந்தது, கட்டுப்படியாகாத விவசாயி விதைப்பைக் குறைத்தான், மேலே வறட்சியும் வந்தது. 1952-இல் விலைவாசி உயர்வு 40 சதவீதத்தை நெருங்கியது. கோதுமை தேசத்து ஜனங்கள் கலப்பட மாவு ரொட்டி சாப்பிட்டார்கள்.

எதிரிகள் செய்தது என்ன? 1955 ஜூன் 16 அன்று கடற்படை விமானங்கள் அதே சதுக்கத்தில் குண்டு போட்டு 300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. செப்டம்பரில் பெரோன் கவிழ்ந்தார். 1956-இல் வந்த ஆணையின்படி அவர் பெயரைச் சொல்வதே குற்றம்! எவாவின் உடலைக்கூட ஒளித்து எடுத்துப்போய் இத்தாலியில் பொய்ப் பெயரில் புதைத்தார்கள். இவ்வளவு செய்தும் அந்தப் பெயர் அழியவில்லை. 1973-இல் பெரோன் திரும்பி வந்து 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். 1974 ஜூலையில் பதவியிலேயே இறந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். பெண்கள் ஓட்டுரிமையும் 13-ஆவது மாதச் சம்பளமும் சட்டமாக இருந்தன. பெரோனை வெறுத்தவர்கள் ஆட்சியிலும் அவை பிழைத்தன. எவாவின் அறக்கட்டளை ஒரு மனுஷியின் கையாக இருந்தது. 1955-க்குப் பிறகு அதைக் கலைத்துவிட்டார்கள்.

ஏழைகளின் தந்தை

பக்கத்து நாடான பிரேசிலையும் இந்த இடத்தில் தொட்டுக்கொள்ளலாம். 1930-இல் அதிகாரத்துக்கு வந்த கெத்தூலியோ வர்காஸை ‘ஏழைகளின் தந்தை’ என்றார்கள். 1937 முதல் அப்பட்டமான சர்வாதிகாரம். ஆனால் 1943 மே தினத்தன்று அவர் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகும், அவர் போய்ப் பல தலைமுறை ஆகியும் நின்றது. 1945-இல் ராணுவத்தால் இறக்கப்பட்டு, 1951-இல் ஓட்டு வாங்கித் திரும்பி வந்து, 1954 ஆகஸ்ட் 24 அன்று ஜனாதிபதி மாளிகையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார்.

அந்தச் சட்டத் தொகுப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நகரத் தொழிலாளிக்குத்தான் அது. வயலில் வேலை செய்த கோடிக்கணக்கான கிராமத்துக் கூலிகளுக்கு 1963 வரை தனிச்சட்டம் வரவில்லை. பண்ணை முதலாளிகளைப் பகைத்துக்கொள்ள ‘தந்தை’ தயாராக இல்லை. ‘மக்கள்’ என்று சொல்லும்போது யாரை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பது இதனால்தான் அவசியம்.

எண்ணெய்க் கிணறும் ஞாயிற்றுக்கிழமை டி.வி.யும்

வெனிசுலாவில் ஹ்யூகோ சாவேஸ் 1998 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து, 1999 பிப்ரவரியில் பதவிக்கு வந்தார். 1992-இல் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றுச் சிறைக்குப் போன ராணுவ அதிகாரி இவர். இரண்டு கட்சிகள் நாற்பது வருடமாக மாறி மாறி ஆண்டு, எண்ணெய்ப் பணத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டதில் ஜனங்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். புது அரசியல் சட்டம் எழுதி, 1999-இல் வாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் டி.வி.யில் மணிக்கணக்காகப் பேசுவார். பாட்டுப் பாடுவார், பழங்கதை சொல்வார், அமைச்சரை எழுப்பிக் கேள்வி கேட்பார். 2002 ஏப்ரலில் எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகளை டி.வி.யிலேயே விசில் ஊதி வேலைநீக்கம் செய்தார். அதே மாதம் ஒரு ராணுவக் கவிழ்ப்பு நடந்து, இரண்டு நாளில் தோற்றது. அந்த வருடக் கடைசியில் தொடங்கிய எண்ணெய் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுமார் 18,000 எண்ணெய்க் கம்பெனி ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விசுவாசம் மிஞ்சியது. பூமிக்கடியிலிருந்து எண்ணெய் எடுக்கத் தெரிந்த பல பேர் போய்விட்டார்கள்.

2003 முதல் ‘மிஷன்’ என்ற பெயரில் திட்டங்கள் வந்தன. கராகஸ் நகரத்தைச் சுற்றிய மலைச்சேரிகளில், வேறு எந்த டாக்டரும் கால் வைக்காத இடங்களில், கியூபா டாக்டர்கள் குடியிருந்தே வைத்தியம் பார்த்தார்கள். எழுத்தறிவு வகுப்பு நடந்தது. மானிய விலையில் உணவு கிடைத்தது. அரசுக் கணக்குப்படி வறுமையில் இருந்த குடும்பங்கள் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்தன. அந்தச் சேரியில் இருந்தவன் சாவேஸுக்கு ஏன் ஓட்டுப் போட்டான் என்று கேட்பதே அநியாயம்.

ஆனால் பாருங்க, 1998-இல் பீப்பாய் 10 டாலர் அளவில் இருந்த எண்ணெய் 2008-இல் 100 டாலரைத் தாண்டியது. திட்டங்களுக்கான பணத்தில் பெரும்பகுதி முறையான பட்ஜெட்டைச் சுற்றிக்கொண்டு, எண்ணெய்க் கம்பெனியிலிருந்தும் தனி நிதியிலிருந்தும் போனது. கணக்குக் கேட்க நாடாளுமன்றத்துக்கு வழி இல்லை. சாவேஸைத் திரும்ப அழைக்க வாக்கெடுப்புக் கோரி 24 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த உரிமையைக் கொடுத்ததே சாவேஸின் அரசியல் சட்டம்தான். 2004 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் அவர் தாராளமாக ஜெயித்தார். இதற்கு நடுவே, கையெழுத்துப் போட்டவர்கள் பெயர்ப் பட்டியலை ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் பகிரங்கமாக வெளியிட்டார். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தவர்களில் பலர் அரசு வேலை இழந்தார்கள், சிலருக்கு அரசு அலுவலகத்தில் காரியம் நடக்கவில்லை. 2005-இல் ‘அந்தப் பட்டியலைப் புதைத்துவிடுங்கள்’ என்று சாவேஸே சொல்ல வேண்டி வந்தது.

பெரிய டி.வி. நிறுவனம் ஒன்றின் உரிமம் 2007-இல் புதுப்பிக்கப்படவில்லை. 2009-இல் ஒரு கைதியை நிபந்தனையோடு விடுவித்த பெண் நீதிபதி கைதானார். அவருக்கு முப்பது வருடச் சிறை கொடுக்க வேண்டும் என்று ஜனாதிபதி டி.வி.யில் சொன்னார். அதன்பிறகு எந்த நீதிபதிக்குத் தைரியம் வரும்? சாவேஸ் 2013 மார்ச் 5 அன்று இறந்தார். 2014-இல் எண்ணெய் விலை விழுந்தது. பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போய், ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல், 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டே போனார்கள். மலைச்சேரி மருத்துவமனைகளில் பல பூட்டிக் கிடந்தன. கெட்டிக்காரத்தனமான திட்டம்தான்; எண்ணெய் விலை ஒன்றை நம்பித்தான் நின்றது.

முப்பது பாத் வைத்தியம்

கடைசியாக நமக்குப் பக்கத்துக் கிழக்கு நாடு, தாய்லாந்து. தொலைபேசித் தொழிலில் கோடீஸ்வரரான தக்சின் ஷினவத்ரா 1998-இல் கட்சி தொடங்கி, 2001 ஜனவரித் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானார். மேல்தட்டை எதிர்த்த தலைவரே நாட்டின் பெரிய பணக்காரர்! வாக்குறுதிகள் எளிமையானவை. விவசாயக் கடனைத் திருப்பிக் கட்ட மூன்று வருடத் தவணை. கிராமத்துக்குப் பத்து லட்சம் பாத் சுழல்நிதி. ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனால் கட்டணம் 30 பாத், அவ்வளவுதான்.

இந்த 30 பாத் திட்டத்தை ஓட்டுக்காகப் போட்ட கணக்கு என்று பாங்காக் நகரத்துப் படித்தவர்கள் ஏளனம் செய்தார்கள். ஆனால் திட்டம் தக்சின் மூளையில் உதித்ததில்லை. சங்குவான் நித்தயாரம்போங் என்ற டாக்டரும் அவரைப் போன்ற கிராம சுகாதார டாக்டர்களும் பல வருடம் உழைத்து உருவாக்கி, கட்சி கட்சியாக எடுத்துப் போன யோசனை அது. தக்சின் அதைக் கையில் எடுத்தார். முக்கியமாக, 2002-இல் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமாகவே நிறைவேற்றினார்கள். பணம் பொது வரியிலிருந்து; நிர்வாகம் தனி அலுவலகத்திடம். நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் அதன் கீழ் வந்தார்கள்.

தக்சின் ஆட்சிக்கும் கறுப்புப் பக்கம் உண்டு. 2003-இல் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் மூன்று மாதத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். நீதிமன்றம், விசாரணை எதுவும் கிடையாது. ‘மக்கள்’ கைதட்டினார்கள். செத்தவர்களில் எத்தனை பேர் நிரபராதி என்று கேட்டவர்கள் குறைவு. 2006 ஜனவரியில் குடும்பக் கம்பெனிப் பங்குகளைச் சுமார் 7,300 கோடி பாத்துக்கு வரி கட்டாமல் சிங்கப்பூர் நிறுவனத்துக்கு விற்றதும் நகரம் கொதித்தது. 2006 செப்டம்பர் 19 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

இப்போது கதையின் முக்கியமான இடம். தக்சினை ஒழிக்க வந்த அந்த ராணுவ அரசாங்கம் 30 பாத் திட்டத்தை என்ன செய்தது? ஒழிக்கவில்லை. அந்த 30 பாத்தையும் ரத்து செய்து இலவசமாகவே ஆக்கியது! சட்டம் இருந்தது, அலுவலகம் இருந்தது, நாலரைக் கோடிப் பேர் பழகிவிட்டார்கள். யார் கை வைக்க முடியும்?

ஒப்பிட்டுப் பார்த்தால்

இத்தனை கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது மூன்று வித்தியாசம்.

ஒன்று, உதவி சட்டத்தின் வழியாக வந்ததா, தலைவரின் கை வழியாக வந்ததா? சட்டத்தின் வழியாக வந்தவன் கேட்டு வாங்குகிறான். கிடைக்காவிட்டால் வழக்குப் போடலாம். கை வழியாக வந்தவன் கும்பிட்டு வாங்குகிறான். கிடைக்காவிட்டால் யாரிடம் போவான்? அர்ஜென்டினாவில் இரண்டுமே ஒரே ஆட்சியில் நடந்தன. எது நின்றது என்று மேலே பார்த்தோம்.

இரண்டு, பணம் எங்கிருந்து வந்தது? போர்க்காலக் கையிருப்பும் எண்ணெய் விலையும் அதிர்ஷ்டப் பணம். அது தீரும்போது திட்டமும் தீர்ந்துபோகிறது. பழி மட்டும் வேறு யார் மேலாவது விழுகிறது. வரியிலிருந்து பணம் எடுத்தால் யார் கொடுக்கிறார், எவ்வளவு என்று முதலிலேயே சண்டை வரும். அந்தச் சண்டை நல்லது. அது முடிந்த பிறகு நிற்கும் திட்டம் உறுதியாக நிற்கும்.

மூன்று, வேண்டாம் என்று சொன்னவன் கதி என்ன? கான்சாஸ் பாப்புலிஸ்டுகள் தீர்ப்புக்குப் பணிந்தார்கள். கராகஸில் கையெழுத்துப் போட்டவன் வேலை இழந்தான். பாங்காக்கில் சந்தேகப்பட்டவன் உயிரையே இழந்தான். தலைவரை எதிர்ப்பவன் மக்களையே எதிர்ப்பவன் என்று ஒரு தடவை ஏற்றுக்கொண்டால், அப்புறம் அவனுக்கு எது நடந்தாலும் சரிதான் என்று ஆகிவிடுகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பாதி வரலாறுதான் சொன்னவன் ஆவேன். 1955, 2002, 2006 ஆகிய மூன்று கவிழ்ப்புகளுக்கும் கைதட்டியவர்களில் நம்மைப் போன்ற பட்டதாரிகள் நிறையப் பேர். 2008-இல் தாய்லாந்தில் தக்சின் எதிர்ப்பு இயக்கம் ஒரு யோசனையை முன்வைத்தது: நாடாளுமன்றத்தில் 70 சதவீத உறுப்பினர்களை நியமிக்கலாம், 30 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும். கிராமத்து ஜனங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியவில்லையாம்! ‘படிக்காதவன் ஓட்டால்தான் நாடு கெடுது’ என்று நம் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கிற பேச்சு இதற்கு எவ்வளவு தூரம்? 300 பேர் மேல் குண்டு போட்டவர்கள் படித்தவர்கள்தான். ஏழைகளின் தேவையை வேறு யாரும் காது கொடுத்துக் கேட்காததால்தான் அவர்கள் கர்னலிடமும் கோடீஸ்வரரிடமும் போனார்கள்.

ஒரு தட்டுச் சோறு

நம்ம ஊருக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடுவது 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கியது. 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்து மாநிலத்துக்கு விரித்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். அப்போது எழுந்த விமர்சனம் பலருக்கும் நினைவிருக்கும். ‘கஜானா காலியாகும்’, ‘சுத்தமான பாப்புலிசம்’, ‘பள்ளிக்கூடத்தைச் சாப்பாட்டுக்கடை ஆக்கிவிட்டார்கள்’. திட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. சுவரொட்டிகளில் அவர் படம். மேலோட்டமாகப் பார்த்தால் எவாவின் அறக்கட்டளை மாதிரிதான்.

ஆனால் போன வழி வேறு. அடுத்து வந்த ஆட்சி அதை நிறுத்தவில்லை; 1989-இல் தட்டில் முட்டை சேர்ந்தது. மாறி மாறி வந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சேர்த்தார்களே தவிர எடுக்கவில்லை. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குழந்தைகளின் உரிமையாகவே எழுதப்பட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது.

ஆக, கொடையாகத் தொடங்கியது உரிமையாக முடிந்தது. எப்படி? இடையில் தேர்தல் இருந்தது; ஆட்சி மாறியது; நீதிமன்றம் இருந்தது; வழக்குப் போட ஆள் இருந்தது. இந்த நாலில் எதை எடுத்துவிட்டாலும் அந்தச் சோறு ஒரு தலைவரின் பிரசாதமாகவே நின்றிருக்கும்.

தற்போது கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் முதல் ஓட்டுப் போடப் போகிறீர்கள். யாருக்குப் போடுவது என்று நான் சொல்லமாட்டேன். மலர்க் குழுவும் விடாது! ஒரு தலைவர் மக்கள் பெயரால் எதையாவது தருவதாகச் சொல்லும்போது, ‘இலவசமா? அசிங்கம்!’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அது தேவையாக இருக்கிற வீடு எது என்று முதலில் பாருங்கள். அதன்பிறகு கேளுங்கள்: இது சட்டமாகுமா? பணம் எங்கிருந்து வருது? உங்களை எதிர்த்து ஓட்டுப் போட்டவனுக்கும் இது கிடைக்குமா? மூன்றுக்கும் நேரான பதில் சொல்கிறவர் எந்தக் கொடி பிடித்தாலும் கவலை இல்லை. கேள்வி கேட்டதற்கே கோபப்படுகிறவரிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள்.

நான் சொன்னதில் மாறுபடுகிற நண்பர்கள் நிச்சயம் இருப்பார்கள். பொருளாதாரத் துறைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றும் தெரியும். சந்திப்பு நாளன்று அவசியம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.